ஜெர்மனியில் குடியேற: எந்த விசா உங்களுக்கு, எங்கிருந்து தொடங்குவது?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பெரும்பாலான நாடுகளின் குடிமக்கள் ஜெர்மனியில் 90 நாட்களுக்கு மேல் தங்க வேண்டுமானால், எதற்காகத் தங்குகிறார்கள் என்பதைக் குறிப்பிடும் தேசிய விசாவைப் பெற்றுக்கொண்டுதான் புறப்பட வேண்டும். படிப்பு, வேலை, வேலை தேடல், குடும்பத்துடன் சேர்தல் என ஒவ்வொரு நோக்கத்துக்கும் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. புதிதாக முயல்பவர்கள் பெரும்பாலும் எந்த விசா சுலபமாகக் கிடைக்கும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் படித்த படிப்பை ஜெர்மனி எப்படி மதிப்பிடுகிறது என்பதே. அது தெரிந்துவிட்டால் உங்களுக்குத் திறந்திருக்கும் வழிகள் எவை என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

படி 1: உங்கள் பட்டத்தின் நிலையை அறியுங்கள்

வெளிநாட்டுக் கல்வித் தகுதிகளுக்கு ஜெர்மனி ‘அனாபின்’ என்ற இணையத் தரவுத்தளத்தை வைத்திருக்கிறது. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பக்கங்கள் ஜெர்மன் மொழியில் இருக்கும். அதில் இரண்டு செய்திகளைத் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒன்று, உங்கள் பல்கலைக்கழகத்தின் நிலை: ‘ஹெச் பிளஸ்’ என்ற குறி இருந்தால் அந்த நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டது என்று பொருள். மற்றொன்று, நீங்கள் பெற்ற குறிப்பிட்ட பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணையாகக் கருதப்படுகிறதா என்பது. இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரியின் பெயரைத் தேடிவிட்டு, இல்லை என்று கைவிட்டுவிடுவதுண்டு. பட்டச் சான்றிதழை வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கங்களையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், விசா விண்ணப்பத்தில் அவை கேட்கப்படும்.

உங்கள் பட்டம் அனாபினில் இல்லாவிட்டால் கவலைப்படத் தேவையில்லை. ‘செட் ஏ பி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகத்தில் 208 யூரோ செலுத்தி ஒப்பீட்டு அறிக்கை பெறலாம். மருத்துவர், செவிலியர் போன்ற ஒழுங்குமுறைக்கு உட்பட்ட தொழில்களில் இருப்பவர்களுக்கு இந்த அறிக்கை மட்டும் போதாது. பணியாற்றப்போகும் மாநிலத்தின் உரிய அதிகார அமைப்பிடம் தொழில் அங்கீகாரத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அது நேரம் பிடிக்கும் வேலை என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக இதைத் தொடங்குவதே அறிவுடைமை.

படி 2: வேலை கையில் இருந்தால்

அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் வேலை ஒப்பந்தமும் இருப்பவர்களுக்கு வேலை பார்த்துக்கொண்டு அங்கே வசிக்க அனுமதிக்கும் ‘புளூ கார்டு’ எனப்படும் ஐரோப்பிய நீல அட்டையே மிகச் சிறந்த வழி என்பது என் கருத்து. ஒப்பந்தம் குறைந்தது 6 மாதங்களுக்காவது இருக்க வேண்டும். சம்பளம் சட்டம் வகுத்த வரம்பை எட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டில் இந்த வரம்பு, பிடித்தங்களுக்கு முன், ஆண்டுக்கு 48,300 யூரோவாக இருந்தது. பொறியியல், தகவல் தொழில்நுட்பம், மருத்துவம் போன்ற ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும், பட்டம் பெற்று 3 ஆண்டுகளைக் கடக்காதவர்களுக்கும் 43,759.80 யூரோ போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தத் தொகை மாறுகிறது. ஆகவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ‘மேக் இட் இன் ஜெர்மனி’ என்ற அரசுத் தளத்தில் அந்தந்த ஆண்டின் வரம்பைச் சரிபார்த்து, சில நூறு யூரோ குறைந்தால்கூட நிறுவனத்திடம் பேசித் திருத்திக்கொள்ள வேண்டும். வரம்புக்குக் கீழே ஒரு யூரோ இருந்தாலும் நீல அட்டை கிடைக்காது.

பட்டம் இல்லாத கணினித் துறையினருக்கும் இங்கே இடம் உண்டு. கடந்த 7 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டுகள் பட்டப்படிப்புக்கு நிகரான தரத்தில் பணியாற்றிய அனுபவத்தைக் காட்ட முடிந்தால், அவர்கள் குறைந்த வரம்புச் சம்பளத்துடன் நீல அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். முதல் முறையாக விண்ணப்பிப்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

படி 3: வேலை இன்னும் கிடைக்காவிட்டால்

2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘ஷான்சன்கார்ட்டே’, அதாவது வாய்ப்பு அட்டை, ஜெர்மனிக்கு வந்து வேலை தேடுவதற்கான அனுமதி. அதிகபட்சம் ஓராண்டு கிடைக்கும். அந்தக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். ஒரு நிறுவனத்தில் 2 வாரம் வரை சோதனைப் பணியும் பார்க்கலாம். இதை முழுநேர வேலைக்கான அனுமதி என்று சொல்லிப் பணம் வாங்கும் முகவர்களிடம் மிகவும் கவனமாக இருங்கள். இந்த அட்டையால் கிடைப்பது தேடும் உரிமை மட்டுமே. வேலை கிடைத்த பிறகு அதற்குரிய வேறு அனுமதிக்கு மாறியாக வேண்டும்.

படி 1இல் உங்கள் தகுதி முழுமையாக இணையானது என்று தெரிந்திருந்தால், புள்ளிகளைக் கணக்கிடாமலேயே இந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாதவர்களுக்குப் புள்ளி முறை. அதற்குள் நுழைய, சொந்த நாட்டு அரசு அங்கீகரித்த பட்டமோ குறைந்தது 2 ஆண்டுத் தொழிற்கல்வியோ இருக்க வேண்டும். அத்துடன் ஜெர்மன் மொழியில் ஏ1 அல்லது ஆங்கிலத்தில் பி2 நிலைச் சான்று வேண்டும் (மொழித் திறனை ஐரோப்பாவில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று அளக்கிறார்கள்; ஏ1 தொடக்க நிலை, சி2 உச்ச நிலை). அதன் பின் குறைந்தது 6 புள்ளிகள் சேர வேண்டும்.

வயது 35ஐத் தாண்டாவிட்டால் 2 புள்ளிகள், 40 வரை 1 புள்ளி. படிப்போடு தொடர்புள்ள வேலையில் கடந்த 5 ஆண்டுகளில் 2 ஆண்டு அனுபவத்துக்கு 2 புள்ளிகள். கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டு அனுபவம் இருந்தால் 3. ஜெர்மன் மொழியில் ஏ2 நிலைக்கு 1, பி1க்கு 2, பி2க்கு 3. ஆங்கிலம் சி1 நிலையில் இருந்தால் கூடுதலாக 1. தகுதிக்குப் பகுதி அங்கீகாரம் கிடைத்திருந்தால் 4 புள்ளிகள். பற்றாக்குறைத் தொழிலுக்கும், கடந்த 5 ஆண்டுகளில் 6 மாதம் ஜெர்மனியில் முறைப்படி வாழ்ந்ததற்கும், தகுதியுள்ள வாழ்க்கைத் துணை உடன் விண்ணப்பிப்பதற்கும் தலா 1.

இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு டிப்ளமோ முடித்து, அதே துறையில் 4 ஆண்டுகளாக வேலை பார்க்கும் 32 வயதுக்காரர் ஒருவருக்கு, வயதால் 2, அனுபவத்தால் 2, ஆக 4 புள்ளிகள். ஏ1 வரை மட்டும் ஜெர்மன் படித்திருந்தால் அவருக்கு மொழிப் புள்ளி எதுவும் கிடைக்காது. பி1 வரை படித்தால் 2 புள்ளிகள் சேர்ந்து 6 ஆகிவிடும். வயதையும் கடந்துபோன அனுபவத்தையும் மாற்ற முடியாது. நம் முயற்சியால் உயர்த்தக்கூடியது மொழி ஒன்றுதான். சென்னையில் உள்ளவர்கள் கோத்தே நிலையத்திலேயே இந்தத் தேர்வுகளுக்குப் படித்து எழுத முடியும். புள்ளிக்காக மட்டுமன்றி, அங்கே வேலை தேடும்போதும் பி1 அளவு ஜெர்மன் பெரிய துணையாக இருக்கும் என்பதால், விசாவுக்கு முன்பே அந்த நிலையை எட்டிவிடும்படி நான் வற்புறுத்துவேன்.

மாணவர் வழியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இந்திய மாணவர்கள் பொதுவாக, கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் ‘ஏபிஎஸ்’ அமைப்பின் சான்றிதழைப் பெற்ற பிறகே மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதங்கள் கிடைக்கும்.

படி 4: பணமும் விண்ணப்பமும்

வேலை ஒப்பந்தம் இல்லாமல் செல்பவர்கள், தங்கும் காலம் முழுவதும் தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்ள முடியும் என்று காட்ட வேண்டும். வாய்ப்பு அட்டைக்கு 2025இல் மாதம் 1,091 யூரோ, அதாவது ஓராண்டுக்கு 13,092 யூரோ. மாணவர்களுக்கு மாதம் 992 யூரோ. இந்தத் தொகையைப் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் முடக்கக் கணக்கில் போட்டுவைப்பதே வழக்கம். ஜெர்மனி சென்ற பின் மாதந்தோறும் வரையறுத்த தொகையை மட்டும் அதிலிருந்து எடுக்கலாம்.

விண்ணப்பங்களை இப்போது ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகச் சேவைத் தளத்தில் இணையவழியே சமர்ப்பிக்கலாம். ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று அங்கே பார்த்த பிறகு, கைரேகைக்கும் அசல்களைக் காட்டுவதற்கும் நேரில் செல்ல வேண்டியிருக்கும். கட்டணம் 75 யூரோ. 2025 ஜூலை முதல், விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் பழைய நடைமுறை நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது நீதிமன்றத்துக்குப் போகலாம். எனவே முதல் விண்ணப்பத்திலேயே ஒரு தாளும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது முன்னைவிட இப்போது முக்கியமாகிவிட்டது.

படி 5: சென்று இறங்கிய முதல் வாரங்கள்

வீட்டில் குடிபுகுந்த 2 வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு ‘அன்மெல்டுங்’ என்று பெயர். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, நீங்கள் குடியேறியதை உறுதிசெய்து வீட்டு உரிமையாளர் தரும் படிவமும் வேண்டும். அதைத் தர மறுக்கும் வீட்டை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நீண்ட காலத்துக்கு எடுக்காதீர்கள். பதிவு முடிந்தபின் வரி அடையாள எண் தபாலில் வரும். அங்கே தபால்காரர் அஞ்சல் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார் என்பதால், முதல் நாளே உங்கள் பெயரை அதில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது வெளிநாட்டினர் அலுவலகம். பெரிய நகரங்களில் அங்கே முன்பதிவு கிடைப்பது கடினம். ஆகவே விசா முடிவதற்குப் பல வாரங்கள் இருக்கும்போதே வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். காலாவதியாகும் முன் விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும் வரை பழைய உரிமைகள் தொடர்வதாகக் காட்டும் இடைக்காலச் சான்று வழங்கப்படும். ஒரு நாள் தாமதித்தாலும் இந்தப் பாதுகாப்பு கேள்விக்குரியதாகிவிடும்.

படி 6: நிரந்தரமாகத் தங்க

நீல அட்டை வைத்திருப்பவர் 27 மாதங்கள் ஓய்வூதியக் காப்பீடு செலுத்தி, ஏ1 நிலை ஜெர்மன் கற்றிருந்தால் நிரந்தர வசிப்பிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பி1 நிலை இருந்தால் 21 மாதங்களே போதும். மற்ற திறன் பணியாளர்களுக்கு 3 ஆண்டுகள், ஜெர்மனியில் பட்டம் பெற்று அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்கு 2 ஆண்டுகள்.

குடியுரிமைக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும். பி1 மொழிச் சான்றும், 33 கேள்விகளில் 17க்குச் சரியாக விடையளிக்க வேண்டிய குடியுரிமைத் தேர்வும் உண்டு. 2024 ஜூன் முதல் பழைய குடியுரிமையைக் கைவிடும்படி ஜெர்மனி கேட்பதில்லை. ஆனால் இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை பெறும் இந்தியர் தம் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, விரும்பினால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் ‘ஓசிஐ’ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் விவசாய நிலம் வாங்க எண்ணுபவர்கள் ஓசிஐ அட்டையுடன் அதை வாங்க முடியாது என்பதைக் கணக்கில் கொண்டு, நிரந்தர வசிப்பிட உரிமையோடு நிற்பதா, குடியுரிமையும் பெறுவதா என்று குடும்பத்தாருடன் கலந்து முடிவெடுக்கலாம்.