இலவச மென்பொருளோடு ஒட்டி வந்தவற்றை முழுமையாக நீக்குவது எப்படி?

விண்டோஸ் இயங்கும் வீட்டுக் கணினியில் இலவசமாகக் கிடைத்த பி.டி.எஃப். மாற்றி ஒன்றையோ வீடியோ பிளேயர் ஒன்றையோ நிறுவிய பிறகு, உலாவியின் முகப்புப் பக்கம் தானாக மாறியிருந்தாலோ, பெயர் தெரியாத தேடுபொறி ஒன்று வந்து உட்கார்ந்திருந்தாலோ, அந்த மென்பொருளுடன் வேறொன்றும் சேர்ந்து நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலான நேரங்களில் இது வைரஸ் அன்று. நிறுவியின் இரண்டாம் அல்லது மூன்றாம் திரையில் ஏற்கெனவே ‘டிக்’ இடப்பட்டிருந்த சிறு கட்டத்தைக் கவனிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்தியதே நம் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இப்படிச் சேர்த்துக் கொடுப்பவருக்குப் பணம் கிடைப்பதால் இந்த வழக்கம் நீடிக்கிறது. ஊர் பேர் தெரியாத நிறுவனங்கள் மட்டுமே இதைச் செய்தன என்றும் சொல்ல முடியாது. ஆரக்கிளின் ஜாவா நிறுவியில் பல ஆண்டுகள் ஆஸ்க் டூல்பார் என்ற தேடல் பட்டை சேர்ந்தே வந்தது. திறமூல மென்பொருள்களின் களஞ்சியமாக மதிக்கப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜ் தளமும் 2013இல் இத்தகைய நிறுவிகளைத் தரத் தொடங்கியது. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளின் குழுவினர் அவ்வாண்டே அங்கிருந்து வெளியேறினர். 2016இல் தளத்தை வாங்கிய புதிய உரிமையாளர்கள்தான் அதை நிறுத்தினர்.

இதை நீக்குவதில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். மென்பொருளை அகற்றுவது ஒரு வேலை. அது கணினியில் மாற்றி வைத்தவற்றைப் பழைய நிலைக்குத் திருப்புவது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யாமல் விட்டால், தொல்லை சில நாள்களில் திரும்பி வரும் அல்லது நம் கண்ணில் படாமலேயே உள்ளே இருக்கும்.

தொடங்குமுன் முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டு, ஏதேனும் தவறினால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ‘ரீஸ்டோர் பாயின்ட்’ ஒன்றையும் உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பகுதிக்குச் சென்று, நிறுவிய தேதிப்படி பட்டியலை வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் நீங்கள் அறியாத பெயர்கள் இரண்டு மூன்று அடுத்தடுத்து இருந்தால், அவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் தெரியாத பெயர் எல்லாமே வேண்டாதது என்று எண்ணிவிடக் கூடாது. ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்பது ஆண்டு எண்களுடன் பல முறை காணப்படும். அவை வேறு மென்பொருள்கள் இயங்கத் தேவைப்படுபவை. ரியல்டெக், இன்டெல் ஆகிய பெயர்களில் இருப்பவை ஒலிக்கும் திரைக்கும் வேண்டிய டிரைவர்களாக இருக்கலாம்.

நீக்கும்போது வரும் திரையையும் நிதானமாகப் படியுங்கள். ‘வைத்துக்கொள்’ என்பதற்குப் பளிச்சென்ற பச்சைப் பொத்தானையும், ‘நீக்கு’ என்பதற்கு மங்கலான சாம்பல் நிறச் சிற்றெழுத்தையும் வைத்திருப்பார்கள். சில திரைகள், நீக்குவதற்குப் பதிலாக இன்னொரு மென்பொருளை நிறுவட்டுமா என்றுகூடக் கேட்கும்.

அடுத்தது உலாவி. நீங்கள் சேர்க்காத நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்கள்) அகற்றி, முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் சரிசெய்யுங்கள். குரோமில் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ கொடுத்தால் நீட்சிகள் முடக்கப்படும், குக்கீகள் அழியும். புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும் என்பதால் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. திரையின் ஓரத்தில் ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது’ என்று எழும் அறிவிப்புகள் பல நேரங்களில் எந்த மென்பொருளிலிருந்தும் வருவதில்லை. ஏதோ ஓர் இணையதளத்தில் ‘அலௌ’ அழுத்தியதன் விளைவு அது. உலாவியின் தள அனுமதிகளில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கினால் போதும். இத்தனைக்குப் பிறகும் அதே பக்கம் திறந்தால், உலாவியின் ஷார்ட்கட்டை வலது சொடுக்கி ‘பிராப்பர்ட்டீஸ்’ சென்று ‘டார்கெட்’ பெட்டியின் கடைசி வரை பாருங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் ஓர் இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை அழித்துவிடுங்கள். ஒரே கணக்கில் இரண்டு கணினிகளை ஒத்திசைத்திருந்தால் இரண்டையும் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையேல் ஒன்றில் நீக்கிய நீட்சி மற்றொன்றிலிருந்து திரும்பி வரும்.

எச்சங்கள் தங்கும் இடங்கள் இன்னும் மூன்று உண்டு. கணினி தொடங்கும்போதே இயங்குபவற்றைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலையும், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரையும், நெட்வொர்க் அமைப்புகளில் இணையப் போக்குவரத்தை இடையில் வேறொன்றின் வழியே திருப்பிவிடும் ‘பிராக்ஸி’ பகுதியையும் பாருங்கள். வீட்டு இணைப்பில் பொதுவாக பிராக்ஸி தேவைப்படாது.

நான்காவதாக ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலோர் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. 2014இன் பிற்பகுதியில் விற்கப்பட்ட லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் கடையிலிருந்து வரும்போதே இருந்தது. பாதுகாப்பான பக்கங்களிலும் விளம்பரம் நுழைப்பதற்காக அது தன்னுடைய மூலச் சான்றிதழ் ஒன்றை, அதாவது எந்த இணையதளத்தை உண்மையானதென நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் அத்தாட்சியை, விண்டோஸில் சேர்த்துக்கொண்டது. எல்லாக் கணினிகளிலும் அந்தச் சான்றிதழுக்கு ஒரே இரகசியச் சாவியே இருந்ததாலும், அதன் கடவுச்சொல்லை 2015 பிப்ரவரியில் ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்து வெளியிட்டதாலும், அதே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் போலி வங்கிப் பக்கத்தை உண்மையானதாகக் காட்ட வழி பிறந்தது. மென்பொருளை நீக்கியவர்களின் கணினியிலும் அந்தச் சான்றிதழ் நீங்காமல் இருந்தது என்பதே இதில் கவலைக்குரியது. ஆகவே விண்டோஸின் ‘சர்ட்டிஃபிகேட் மேனேஜர்’ கருவியில் நம்பகமான மூலச் சான்றிதழ்களின் பட்டியலைத் திறந்து, நீங்கள் நீக்கிய மென்பொருளின் பெயரில் ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். பெயர் சரியாகப் பொருந்தினால் மட்டும் அழியுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம், ஏனெனில் சில ஆன்டிவைரஸ்களும் தமக்கென ஒரு சான்றிதழை அங்கே வைத்திருக்கும்.

இதன் பின் ஒரு முழு ஸ்கேன் செய்யுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ என்பதற்குள் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி உள்ளது. 2021 முதல் மைக்ரோசாஃப்ட் இதை இயல்பாகவே இயக்கத் தொடங்கியிருந்தாலும், அங்குள்ள இரண்டு கட்டங்களிலும் ‘டிக்’ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டாம் கருத்துக்கு, மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவச அட்வ்கிளீனர் போதுமானது. அதை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாக விளம்பரப்படுத்தும் மென்பொருள்களை வாங்கவே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அவற்றின் பயன்பாட்டை ஆதரிப்பதில்லை. அவற்றில் பல, நாம் விரட்டிக்கொண்டிருக்கும் இதே வகையைச் சேர்ந்தவை.

இனி நிறுவும்போது மென்பொருளை உருவாக்கியவரின் தளத்துக்கே செல்லுங்கள். ‘எக்ஸ்பிரஸ்’ என்பதை விட்டு ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேர்ந்து வருபவற்றின் கட்டங்கள் அங்கேதான் வெளிப்படும். பலர் புழங்கும் கணினியில் அன்றாடப் பயனுக்கு நிர்வாக உரிமையில்லாத ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு ஒன்றை ஏற்படுத்துவதும் நல்லது. சில மென்பொருள்கள் அந்தக் கணக்கின் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் என்பதால் இது எல்லாவற்றையும் தடுக்காது. ஆனால் நுழைந்தது அந்த ஒரு கணக்கோடு நிற்கும். முழுக் கணினிக்குமான மூலச் சான்றிதழ் பட்டியலில் கைவைக்க அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும்.