ஒல்லாந்தர் வெள்ளிக்காசு நல்லதா, போலியா: வீட்டிலேயே பார்க்கும் விதம்

மட்டக்களப்பில் நகைப்பட்டறை வைத்திருக்கிறேன். பழைய காசோடு வருகிறவர்கள் எல்லாரும் “ஒல்லாந்தர் காலத்துக் காசு” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த கோட்டை புளியந்தீவில் நிற்கிறதல்லவா! வருவதில் பெரும்பாலானவை செப்புச் சல்லிகள். யானை பொறித்த வெள்ளிக்காசு என்றால் அது ஆங்கிலேயர் வெளியிட்டது, 1821ஆம் ஆண்டின் இறைசால் (ரிக்ஸ்டாலர்) போல.

முதலில், காசைத் தேய்க்காதீர்கள். புளி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். மேலே இருக்கும் கறுப்பு காசுக்குக் கெடுதல் இல்லை. சேகரிப்பவர்கள் அதை விரும்புவார்கள். எந்தப் பத்தரையும் உரைகல்லில் உரைக்க விடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

அப்புறம் நகைத் தராசில் நிறுங்கள். ஒல்லாந்தரின் பெரிய வெள்ளிக்காசு டுக்காட்டன். 1659 முதல் நெதர்லாந்தில் அடித்தார்கள். நிறை 32.78 கிராம், நூற்றுக்கு 94 பங்கு வெள்ளி. ஒரு பக்கம் வாளோங்கிய குதிரைவீரன், மறுபக்கம் முடி தாங்கிய கேடயமும் இரண்டு சிங்கங்களும். தேய்ந்த காசு நிறை குறையும், கூடாது. 34 கிராம் காட்டினால் சந்தேகப்படுங்கள். 27 கிராம் அளவில் நின்றால் அது சிங்கம் பொறித்த டாலராகவோ ஸ்பானிய எட்டு ரியாலாகவோ இருக்கலாம்.

காசில் துளை இருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம். நெதர்லாந்தில் 63 ஸ்டைவர் (ஒல்லாந்தரின் சில்லறைக்காசு) பெற்ற டுக்காட்டனுக்குக் கிழக்கே அதைவிடக் கூடிய விலை. அதனால் மாலுமிகள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தார்கள். 1740இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிய ரூஸ்வைக் கப்பலில், உடுப்பில் வைத்துத் தைப்பதற்காகத் துளைத்த காசுகளும் கிடைத்தன. 1728 முதல் கிழக்குக்கென்று அடித்த டுக்காட்டனில் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி தன் VOC எழுத்து முத்திரையைப் பொறித்தது. நம்மூர்த் துளையோ பெரும்பாலும் மாலையில் கோக்கப் போட்டது.

நான் அதிகம் நம்புவது தண்ணீர்ச் சோதனையை. கொதித்து ஆறிய தண்ணீரைச் சிறு கோப்பையில் ஊற்றித் தராசில் வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது, குமிழி ஒட்டியிருக்கவும் கூடாது. காசின் நிறையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள். நிறை 32.40, தராசு 3.12 என்றால் விடை 10.38. சரி, நல்ல வெள்ளி. வெள்ளி முலாம் பூசிய பித்தளை என்றால் தராசு 3.8 அளவில் காட்டும், விடை எட்டரைக்கு இறங்கிவிடும். சிங்க டாலரில் வெள்ளி முக்கால் பங்குதான், அதற்குப் பத்தைச் சுற்றி வந்தாலே போதும்.

காந்தம் ஒட்டினால் போலி. ஒட்டாததை வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினாலோ எழுத்துகளுக்கிடையே ஊசிமுனைப் பள்ளங்கள் தெரிந்தாலோ அது வார்த்த காசு. உண்மையானதை அச்சில் அடித்தார்கள், வார்க்கவில்லை.

மண்ணில் கிடைத்த காசு என்றால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பெட்டியில் இருந்த பழங்காசையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.