ப்ரொஜெக்ஷன் மேப்பிங் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடத்தின் மேல் ஒளியால் படம் வரையும் இந்த வேலைக்குப் புதுச்சேரி போல ஓர் ஊர் அமைவது கஷ்டம். ஒயிட் டவுனில் பெரிய பெரிய மஞ்சள் சுவர்கள். தமிழர் பகுதிக்கு வந்தால் கீழே திண்ணை, தாழ்வாரம், மரத்தூண்கள். மாடியில் வளைவு ஜன்னல், சுதை வேலைப்பாடு. பார்த்ததுமே கை பரபரக்கும். அதனால்தான் பட்டறைக்கு வருகிறவர்கள் முதல் நாளே செல்போனைத் தூக்கிக்கொண்டு சுவரைப் படமெடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தத் தொழிலுக்கு வந்த எல்லோரும் அப்படித்தான் தொடங்கினோம்.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, ரிமோட்டைத் தொலைப்பது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவை ஒருமுறை நடந்தால் மறுமுறை நடக்காது. திரும்பத் திரும்ப நடப்பவை மட்டும் இங்கே.

ப்ரொஜெக்டர் எங்கே நிற்கும் என்று தெரியாமல் அனிமேஷன் செய்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஒரு பட்டறையில் நான்கு பேர் கொண்ட குழுவுக்குப் பழைய மாடிவீடு ஒன்றின் முகப்பு கிடைத்தது. தெருவின் நடுவில் நின்று போனில் ஒரு படம் எடுத்தார்கள். அதன் மேல் வரைந்தார்கள். தாழ்வாரத் தூண்களில் மல்லிகைக் கொடி சுற்றிக்கொண்டு ஏறி, மாடி ஜன்னலில் பூப்பது போல அனிமேஷன். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்த, நிஜமாகவே அழகான வேலை. கடைசி நாள்தான் ப்ரொஜெக்டரை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. தெருவில் ஆட்கள் நிற்பார்கள் என்பதால் எதிர்வீட்டு மொட்டைமாடியின் ஓரத்தில் வைத்தோம். படத்தைப் போட்டால் கொடி தூணை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

"நாலு மூலையையும் இழுத்து உட்கார வச்சிடலாம்ண்ணா" என்றான் ஒரு தம்பி. இழுத்தார்கள். சுவருக்குச் சரியானால் தூணுக்குத் தப்பியது. தூணுக்குச் சரியானால் ஜன்னல் கோணியது. அப்புறம் மெஷ், அதாவது கட்டம் கட்டமான ஒரு வலையைப் படத்தின் மேல் போட்டு, புள்ளி புள்ளியாக இழுத்து வளைத்தார்கள். கொடி தூணுக்கு வந்தது, ஆனால் ஜன்னல் வளைவு நெளிந்துபோனது. தலைகீழாக நின்றாலும் அது சரியாகாது. ஏன் என்று புரிந்துகொண்டால் இந்தத் தவறு இனி உங்களிடம் வராது.

ப்ரொஜெக்டர், தலைகீழாக வேலை செய்யும் ஒரு கேமரா. அதன் லென்ஸ் இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்தால் எது தெரியுமோ, அதன் மேல்தான் வெளிச்சம் விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தூண்களிலிருந்து 10 மீட்டர் தூரத்தில் ப்ரொஜெக்டர். தூணுக்குப் பின்னால் 1.2 மீட்டரில் சுவர். நீங்கள் படமெடுத்த இடம் ப்ரொஜெக்டரிலிருந்து 2 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி இருந்தது என்றால், சுவரோடு ஒப்பிடத் தூண் 24 செ.மீ. நகர்ந்து தெரியும். தூணின் பருமனே பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. தூணருகே 8 மீட்டர் அகலத்துக்கு 1920 பிக்சலை விரித்திருந்தால், பிழை சுமார் 50 பிக்சல். உயரமும் மாறியிருந்தால் அது தனிக் கணக்கு.

மேட்மேப்பர், ரெசோலியூம் அரீனா என்று எந்த மென்பொருளை எடுத்தாலும் நாலு மூலை இழுக்கும் வசதி உண்டு. அது ஒரே தட்டையான பரப்புக்குத்தான் வேலை செய்யும். தட்டையான சுவர் என்றால் எங்கிருந்து படமெடுத்தாலும் இழுத்து உட்கார வைத்துவிடலாம். முன்னே பின்னே நிற்கும் தூணும் சுவரும் அப்படியில்லை. படமெடுத்த இடத்திலிருந்து மறைந்திருந்த பகுதி ப்ரொஜெக்டருக்குத் தெரியும். அந்த இடத்துக்கு உங்கள் கோப்பில் படமே கிடையாது. இல்லாததை எப்படி இழுப்பது?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் ப்ரொஜெக்டரை நிறுத்துங்கள். ஜூம், ஃபோகஸ் இரண்டையும் முடிவு செய்து வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டியதும் லேப்டாப்பின் இரண்டாவது திரையாக ப்ரொஜெக்டரை இணைத்து, அதன் சொந்த ரெசல்யூஷனில் ஒரு கறுப்புப் பக்கத்தை முழுத்திரையில் திறங்கள். ஒருவர் சுவர் அருகே போய் நிற்கட்டும். மௌஸைப் பிடித்து மெல்லிய வெள்ளைக் கோட்டைத் தூணின் விளிம்பிலேயே நேரடியாக வரையுங்கள். சுவரோரம் நிற்பவர் "இன்னும் ஒரு நூல் இடது" என்று சொல்லச் சொல்ல, ஜன்னல், கார்னிஸ் (சுவரின் மேற்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை), கதவு என்று எல்லா விளிம்பும் கோடாகிவிடும். அந்தக் கோட்டுப் படத்தைச் சேமித்தால் அதுதான் உங்கள் டெம்ப்ளேட், அனிமேஷனை அதன் மேல் வரையுங்கள். கேமராவை வைத்து, ப்ரொஜெக்டரின் பார்வையிலிருந்தே படம் உருவாக்கித் தரும் ஸ்கேனர் மேட்மேப்பரில் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் மௌஸ் போதும். ஒரு மாலை வேலை.

கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் 1969-ல் திறந்த பேய் மாளிகையில் கல் சிலைகள் வாயசைத்துப் பாடும். படம்பிடித்த முகங்களை ஃபிலிம் ப்ரொஜெக்டரால் சிலைகளின் மேல் வீசினார்கள். மென்பொருள் இல்லாத காலம். சிலையும் ப்ரொஜெக்டரும் இம்மி நகராது என்பதை வைத்துத்தான் அவ்வளவும் நடந்தது.

எரிச்சல் யார் மேலும் இல்லை. நல்ல கை உள்ள பிள்ளைகள், கடைசி ராத்திரி கொடி சுவரில் ஏறுவதைப் பார்த்துவிட்டு "நமக்கு இது வராது" என்று முடிவுகட்டிக் கிளம்புகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர்கள் வரைந்ததில் குறையே இல்லை. வரிசைதான் தப்பு.

கீஸ்டோனை நம்புவது

கோணலாக விழும் படத்தைத் தானாகவே நேராக்கும் ஆட்டோ கீஸ்டோன் வசதி ப்ரொஜெக்டர் மெனுவில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறது. பிக்சல் வீணாகும், கோடுகள் மங்கும். சில மாடல்களில் ஒவ்வொருமுறை ஆன் செய்யும்போதும் அதுவே மறுபடி அளந்து, நீங்கள் சுவரின் விளிம்புகளோடு பொருத்தி ஒட்டிய படத்தை நகர்த்திவிடும். வளைக்கும் வேலை மென்பொருளில் மட்டும் நடக்கட்டும். லென்ஸ் ஷிஃப்ட் வேறு. அது லென்ஸையே நகர்த்துவது, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கறுப்பை வீச முடியும் என்று நினைப்பது

முடியாது. வெளிச்சம் விழாத சுவர் எவ்வளவு கறுப்போ அவ்வளவுதான் உங்கள் கறுப்பு. ப்ரொஜெக்டர் தரும் மொத்த வெளிச்சத்துக்கு லூமென் என்றும், அதில் ஒரு சதுர மீட்டர் சுவரில் விழுவதற்கு லக்ஸ் என்றும் கணக்கு. 5000 லூமென் ப்ரொஜெக்டரை 8 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரத்துக்கு விரித்தால் சுவரில் சுமார் 140 லக்ஸ் விழும். அதே சுவரில் தெருவிளக்கு 20 லக்ஸ் ஊற்றினால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் எட்டு மடங்குதான் வித்தியாசம். நள்ளிரவு வானம், நட்சத்திரம் என்று கதை பண்ணியிருந்தால் எல்லாம் சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும். ப்ரொஜெக்டரை வாடகைக்கு எடுக்கும் முன் விளக்குகளை எண்ணுங்கள். அணைக்க அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காதென்றால் படத்தின் அளவைப் பாதியாக்குங்கள். அகலமும் உயரமும் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு.

நம் ஊர் மஞ்சள் சுவருக்கு இன்னொரு பாடம் உண்டு. மஞ்சள் பூச்சு நீலத்தை விழுங்கும். லேப்டாப்பில் பளிச்சென்று தெரிந்த கடல்நீலம் சுவரில் அழுக்குப் பச்சையாக வரும். ஆனால் ஜன்னலைச் சுற்றியும் கார்னிஸிலும் அடித்திருக்கும் வெள்ளைப் பட்டை எந்த நிறத்தையும் அப்படியே திருப்பித் தரும். நீலத்தை அங்கே கொடுங்கள். சுவருக்குச் சிவப்பு, ஆரஞ்சு, இளம்பச்சை.

ஒட்டிய பிறகு ப்ரொஜெக்டரைத் தொடுவது

தொடாதீர்கள். கடற்காற்று தொடும், ஸ்டாண்டைக் கட்டுங்கள், மணல் மூட்டை வையுங்கள்.

பத்து மீட்டருக்கு மேல் சாதா எச்டிஎம்ஐ கேபிள்

நடுவில் படம் விட்டுவிட்டு வரும். எச்டிஎம்ஐ சிக்னலை நெட்வொர்க் கேபிள் வழியாகத் தூரம் கடத்தும் கேட் 6 எக்ஸ்டெண்டர் வாங்குங்கள்.

வாட்ஸ்ஆப் திறந்திருக்கும் லேப்டாப்

மூடுங்கள். ஸ்லீப், அப்டேட் இரண்டையும் நிறுத்துங்கள்.

இருட்டுக்கு நேரம் ஒதுக்காதது

சுவரில் ஒட்டும் வேலையைப் பகலில் செய்ய முடியாது. மே, ஜூன் மாதங்களில் இருட்ட ஏழு மணி ஆகிவிடும். ஏழரைக்கு நிகழ்ச்சி என்று நோட்டீஸ் அடித்தால் ஒட்டுவதற்கு நேரமே இல்லை. ஒட்டுவதை முந்தைய நாள் இரவே முடித்துவிட்டு, அன்றைக்குச் சரிபார்ப்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். தார்ப்பாய் இல்லாமல் ப்ரொஜெக்டரை வெளியே எடுக்காதீர்கள். கடற்கரைச் சாலையில் செய்வதானால், மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டி ஓடாது. ப்ரொஜெக்டர், ஸ்டாண்ட், ஜெனரேட்டர் எல்லாம் அதற்குள் இறங்கியிருக்க வேண்டும்.