சாரணர் குழுவின் சார்ட்டர் விழா: முதல்முறை நடத்துபவர்களுக்கு

‘சார்ட்டர் விழாவை இந்த வருஷம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கமிட்டியில் உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? பதற வேண்டாம், கால் மணி நேர நிகழ்ச்சிதான். ஆனால் யார், யாருக்கு, எதைக் கொடுக்கிறார் என்பது உங்களுக்கே முதலில் தெளிவாக வேண்டும். எனக்கு அதுதான் குழம்பியது.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் ஊர் ஊராகத் தானே குழு நடத்துவதில்லை. ஒரு தேவாலயமோ, பெற்றோர் சங்கமோ, லயன்ஸ் கிளப்போ குழுவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். கூடுவதற்கு இடம் தருவதும், குழுவை நடத்தும் தலைவர்களுக்கு ஒப்புதல் தருவதும் அந்த அமைப்பின் வேலை. பயிற்சியும் பாடத்திட்டமும் இயக்கத்தின் வேலை. இந்த ஒப்பந்தத்துக்கு அடையாளமான பட்டயம்தான் சார்ட்டர். ஆகவே அதை வாங்க வேண்டியவர் ஸ்கவுட்மாஸ்டர் அல்ல, பொறுப்பேற்கும் அமைப்பின் தலைவர். இயக்கமே அமெரிக்கக் காங்கிரஸிடம் 1916 ஜூன் 15 அன்று ஒரு சார்ட்டர் பெற்றது. அதைத் தொகுப்பாளர் ஒரு வரியில் சொன்னால், மேடையில் கைமாறும் காகிதம் என்னவென்று பெற்றோருக்குச் சட்டெனப் புரியும்.

1. நாள் குறியுங்கள்

இதற்கென்று தனி மாலை வேண்டாம், கூட்டம் வராது. சின்னப் பிள்ளைகளின் குழுவான கப் ஸ்கவுட் பேக் என்றால், இயக்கத்தின் பிறந்தநாளை ஒட்டி பிப்ரவரியில் நடக்கும் புளூ அண்ட் கோல்டு விருந்தோடு சேர்த்துவிடுங்கள். இயக்கம் தொடங்கியது 1910 பிப்ரவரி 8 என்பதால் பொருத்தமாகவும் இருக்கும். பெரிய பிள்ளைகளின் குழுவான ட்ரூப் என்றால், பேட்ஜ்கள் வழங்கும் கோர்ட் ஆஃப் ஹானர் விழாவோடு. எதுவானாலும் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சாப்பிட்ட பிள்ளைகளை மறுபடி உட்காரவைக்க யாராலும் முடியாது.

2. ஆட்களை அழையுங்கள்

சார்ட்டரைக் கொடுப்பவர் வழக்கமாக உங்கள் யூனிட் கமிஷனர், அதாவது இயக்கத்தின் சார்பில் உங்கள் குழுவுக்குத் துணை நிற்கும் தன்னார்வலர். அவரிடமும் அமைப்பின் தலைவரிடமும் ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள். அப்படியே அவர்கள் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, தொகுப்பாளரின் தாளில் எழுதிவையுங்கள். நாங்கள் முதலில் நடத்தியபோது தலைவரின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டோம். அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார், எனக்குத்தான் இன்றும் கூசுகிறது.

3. காகிதத்தைப் பாருங்கள்

குழு எண், அமைப்பின் பெயர், செல்லுபடியாகும் காலம் மூன்றையும் சரிபார்த்த பிறகே ஃபிரேம் போடுங்கள். சார்ட்டர் வந்து சேரவில்லையா? ரிப்பன் கட்டிய ஒரு சுருளைக் கொடுத்து விழாவை நடத்துங்கள், அசலை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.

4. மெழுகுவத்தி

பேட்டரியில் எரிவதையே வாங்குங்கள். பல கட்டடங்களில் நெருப்புக்கு அனுமதி இல்லை, தவிர சீருடைக் கையில் மெழுகு சொட்டினால் போகாது. சாரணர் சட்டத்தில் 12 குணங்கள் இருப்பதால் 12 விளக்கு, 12 பிள்ளைகள். ஒவ்வொருவரும் ஒரு குணத்தைச் சொல்லி ஒரு விளக்கை ஏற்றட்டும். சின்னவர்களுக்கு ஒரு சொல் போதும், நீளமான விளக்கம் எழுதிக் கொடுக்காதீர்கள். பிறகு கமிஷனர் வரிசையாக எழச் சொல்லட்டும்: முதலில் பிள்ளைகள், அடுத்து தலைவர்கள், கமிட்டி, கடைசியாக அமைப்பின் தலைவர். எல்லாரும் சேர்ந்து உறுதிமொழி சொன்னால், சின்ன ஹாலில்கூட அது கேட்க நன்றாக இருக்கும்.

5. கை மாறும் நொடி

இங்கேதான் தடுமாறுவார்கள். சாரணர்கள் குலுக்குவது இடது கையால், சல்யூட் அடிப்பது வலது கையால். ஃபிரேமை வலது கையில் வைத்துக்கொண்டு சல்யூட் அடிக்கப் போனால் அது நெற்றியில் இடிக்கும். அதனால் ஃபிரேம் மேஜைமேலேயே இருக்கட்டும். முதலில் சல்யூட். பிறகு கமிஷனர் ஃபிரேமை எடுத்து வலது கையால் நீட்ட, தலைவர் வலது கையால் பிடித்துக்கொள்ள, இருவரும் இடது கை குலுக்குவார்கள். தலைவருக்கு இது புதிதாக இருக்கலாம், ஓரமாக அழைத்துப்போய் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். புகைப்படக்காரர் அந்தப் பிடியில் மூன்று எண்ணும்வரை இருவரையும் நிற்கவைக்கட்டும், கண்ணாடியில் ஃபிளாஷ் அடிக்காமல் ஃபிரேமைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து.

மறுநாளே அதை அமைப்பின் கட்டடத்தில் மாட்டச் சொல்லுங்கள். பழைய சார்ட்டர் மாட்டியிருந்த ஆணி அங்கேயே இருக்கும்.