ஆல்ப்ஸ் ஏரியைச் சுற்றி நடக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

"ஏரிக்கரைதானே, சமதளமாகத்தான் இருக்கும்" என்று நம்பிக் கிளம்புவதில்தான் பாதித் தொல்லை ஆரம்பிக்கிறது. ஆல்ப்ஸ் ஏரிகளில் பலவும் பனியாறு குடைந்த பள்ளங்கள். ஒரு கரையில் புல்வெளி மெல்லச் சரிந்து இறங்கும். எதிர்க்கரையில் பாறைச்சுவர் நேராகத் தண்ணீருக்குள் போகும்.

ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரி பரம சாது. சுற்றிவர 6 கிலோமீட்டர்தான், பெரிய ஏற்றமும் கிடையாது. இத்தாலியில் டோலமைட் மலைகளுக்கு நடுவே இருக்கும் பிராயஸ் ஏரியின் சுற்று இன்னும் சிறியது, 4 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் கிழக்குக் கரையில் பாதை குறுகிப் படிகளாக ஏறி இறங்கும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால், வண்டியை ஒருவர் தூக்க, குழந்தையை இன்னொருவர் தூக்க வேண்டியதுதான். அகலமான மேற்குக் கரையில் போய், வந்த வழியே திரும்புவது உத்தமம். ஆகவே தூரத்தை மட்டும் பார்த்து நேரம் கணக்கிடாதீர்கள். ஏற்ற இறக்கம் எவ்வளவு என்றும் வரைபடத்தில் பாருங்கள்.

சில ஏரிகளுக்குச் சுற்றுப்பாதையே இல்லை. ஜெர்மனியின் கோனிக்ஸே அப்படித்தான். செங்குத்தான மலைச்சுவர்கள் வழிவிடுவதில்லை. அங்கே 1909 முதல் மின்படகுகள்தான் ஓடுகின்றன. படகில் செயின்ட் பார்த்தலோமே வரை போய் இறங்கி நடப்பவர்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பார்த்துவிட வேண்டும். விட்டுவிட்டால் கரையோரமாக நடந்து திரும்ப முடியாது.

அடுத்தது, மதியத்துக்கு மேல் போவது. மலை தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை காலையில் எடுத்தவை. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும், நீர்ப்பரப்பு கலைந்துவிடும். கோடையில் பிற்பகலில் இடிமழையும் சகஜம். மேற்கே உயரமான மலை இருந்தால், சூரியன் மறைய வெகு நேரம் முன்பே கரை நிழலாகிக் குளிரும். கையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். குளிர்ந்த காற்றை நம்பி சன்ஸ்கிரீனை விட்டுவிட்டும் வராதீர்கள்: 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் புறஊதாக் கதிர் கூடுகிறது.

பச்சையும் நீலமுமாக மின்னும் அந்தத் தண்ணீர் குளிக்கக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும். பனியாறு பாறையை அரைத்த மாவு போன்ற துகள்கள் மிதப்பதால்தான் பல ஏரிகளுக்கு அந்த நிறம். அதாவது, அது பனி உருகி வந்த நீர். திடீரென்று குதித்தால் மூச்சு தன்னிச்சையாக இழுக்கும். வாய் அப்போது தண்ணீருக்குள் இருந்தால் நல்ல நீச்சல்காரரும் திணறிப்போவார். காலை நனைத்து, மெதுவாக இறங்குங்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல், யாரோ நடந்த தடம் தெரிகிறது என்பதற்காக ஏறாதீர்கள். ஓடை வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும்.

கன்றோடு மேயும் பசுவை நெருங்கி செல்ஃபி எடுப்பது வேண்டாத வேலை. காரில் போகிறவர்கள் வாகன விதிகளை முதல் நாளே பார்த்துவிடுங்கள். கோடை நெரிசலில் பிராயஸுக்கு முன்பதிவு இல்லாமல் காரை விடமாட்டார்கள். பேருந்தில் போவதானாலும் அந்தப் பருவத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது.