காரில் காக்கா எச்சமா? தேய்க்காதீங்க, ஊற விடுங்க

காரைக்குடி வெயிலில் புளியமர நிழல் கிடைத்தால் யார் விடுவார்கள், வண்டியை அங்கேதான் நிறுத்துவோம், சாயங்காலம் வந்து பார்த்தால் பானட்டில் வெள்ளையாக நாலைந்து பொட்டு. கானாடுகாத்தானில் ஒரு கல்யாணப் பந்தி முடிந்து வந்து, அவசரத்தில் கைக்குட்டையால் வறட்டுத் தேய்ப்பு தேய்த்தேன். எச்சத்தில் மண் துகளும் விதைத் தோலும் இருக்கும், காய்ந்தபின் தேய்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்றுதான். அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.

சரி, பானட் சுட்டால் முதலில் நிழலில் ஆற விடுங்கள். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியைக் கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் சொட்டச் சொட்ட நனைத்து, கறை மேல் போட்டு 10 நிமிடம் மறந்துவிடுங்கள், மாவு காய்ந்த இட்லித்தட்டை ஊறப்போடுவோமே, அதே மாதிரி. பிறகு அழுத்தாமல் ஒரே பக்கமாக வழித்தெடுத்து, துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தால் துடைக்கவும். வரவில்லையா, மறுபடி ஊறட்டும். நகத்தால் சுரண்டாதீர்கள்.

கறை போயும் மங்கலாகத் தடம் தெரிந்தால், பெயின்ட்டுக்கு மேல் இருக்கும் பளபளப்பான காப்புப் பூச்சான கிளியர்கோட்டை எச்சம் பாதித்துவிட்டது என்று அர்த்தம். லேசான தடம் பாலிஷில் போகும், மேலே வேக்ஸ் பூசுங்கள். விரலுக்குக் குழி தட்டுப்பட்டால் பெயின்ட் வேலைக்காரரிடம்தான் போக வேண்டும்.

குளிர்காலத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் போகிறவர்கள் டிக்கியில் ஒரு பாட்டில் தண்ணீரும் துணியும் வைத்துக்கொள்ளுங்கள்.