எதை ஈவென்ட்டாகப் போடுவது, எதை டாஸ்க்காகப் போடுவது?

ராணிப்பேட்டை தோல் ஷெட் ஆபீஸானாலும் வேலூர் லாங் பஜார் மண்டியானாலும், போனில் கூகுள் கேலண்டர் வைத்திருப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு ஒன்றுதான்: கெடு உள்ள வேலையை டாஸ்க்காக (முடித்ததும் டிக் அடிக்கும் வேலையாக) போடாமல், ஈவென்ட்டாக (குறித்த நேரத்தில் நடக்கும் நிகழ்வாக) போட்டுவிடுவது. 20-ம் தேதி கட்டத்தில் "ஜி.எஸ்.டி.ஆர்-3பி" என்று, மாதாமாதம் போட வேண்டிய ஜி.எஸ்.டி. ரிட்டர்னின் பெயர் இருக்கும். அன்றைக்குப் பார்த்து சரக்கு ஏற்ற லாரி வந்து நிற்கும். 21-ம் தேதி அந்தக் கட்டம் மங்கிப் பின்னால் போய்விடும். ரிட்டர்ன் போட்டாயா என்று கேலண்டர் கேட்காது. தாமதக் கட்டணம் மட்டும் நாளுக்கு 50 ரூபாய் ஏறிக்கொண்டிருக்கும்.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. கேலண்டர் மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் மாற்றிக்கொள்ளும் ஐகேலண்டர் விதிமுறையில் (ஆர்.எஃப்.சி 5545, 2009) ஈவென்ட்டுக்கு மூன்றே நிலைகள்: உத்தேசம், உறுதி, ரத்து. "முடிந்தது" என்ற நிலையே அதற்குக் கிடையாது. நேரம் கடந்தால் அவ்வளவுதான். டாஸ்க்குக்கு அந்த நிலை உண்டு. நீங்கள் டிக் அடிக்கும்வரை அது நிலுவையில் நிற்கும்.

எதில் போடுவது என்று குழப்பம் வந்தால், "நான் இல்லாமலே இது நடந்துவிடுமா?" என்று கேளுங்கள். காட்பாடியில் ரயில் உங்களுக்காக நிற்காது. ஏ.சி. தட்கல் முன்பதிவு காலை 10 மணிக்குத் திறந்துவிடும். சி.எம்.சி. ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் குறித்த நேரத்துக்குத்தான். இவையெல்லாம் ஈவென்ட். கரண்ட் பில், ரிட்டர்ன், பார்ட்டிக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள் எல்லாம் நீங்கள் தொடாவிட்டால் அப்படியே கிடக்கும். அவை டாஸ்க்.

டாஸ்க் போட, கேலண்டரில் கூட்டல் குறியைத் தொட்டு "டாஸ்க்" எடுங்கள். தலைப்பில் வினைச்சொல் இருக்கட்டும்: "3பி" என்று விடாமல் "3பி தாக்கல் செய்" என்று எழுதுங்கள். தேதியை 20 என்று வைக்காமல் 17 என்று வையுங்கள். ஒரு பில் குறைந்தாலும் தேடி எடுக்க மூன்று நாள் கையில் இருக்கும். பிறகு "ரிபீட்" போய் மாதாமாதம் என்று கொடுத்து சேவ் செய்யுங்கள். கரண்ட் பில்லுக்கு ரிபீட் வேண்டாம். ரீடிங் எடுத்த நாளைப் பொறுத்து அதன் கெடு நகரும். ரீடிங் எடுத்த அன்றே புதிதாகப் போடுவதுதான் சரி.

சில வேலைக்கு இரண்டுமே வேண்டும். தாக்கல் செய்வது டாஸ்க். அதற்குமுன் பில்களைச் சரிபார்க்க இரண்டு மணி நேரம் பிடிக்குமென்றால், 16-ம் தேதி மாலை 3 முதல் 5 வரை தனி ஈவென்ட் போடுங்கள். கெடு எழுதிவைத்ததாலேயே நேரம் ஒதுக்கியதாக ஆகாது.

ஈவென்ட்டில் நினைவூட்டல்தான் முக்கியம். காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டுமானால் 30 நிமிடத்துக்கு முன் மணி அடித்து என்ன பயன்? இட்லி உள்ளே போயிருக்கும். 12 மணி நேரத்துக்கு முன் ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு முன் ஒன்று என இரண்டு வையுங்கள். ரயிலுக்கு ஈவென்ட் நேரம் வீட்டிலிருந்து கிளம்பும் நேரமாக இருக்கட்டும். ரயில் புறப்படும் நேரத்தைத் தலைப்பில் எழுதுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கேலண்டரைப் பங்குதாரருக்கோ கணக்கருக்கோ ஷேர் செய்தாலும் உங்கள் டாஸ்க்குகள் அவர்களுக்குத் தெரியாது. ஐபோனின் சொந்தக் கேலண்டரிலும் கூகுள் டாஸ்க் வராது. கூகுளின் ஆப்பைத்தான் திறக்க வேண்டும். இருவர் சேர்ந்து பார்க்க வேண்டிய கெடு என்றால் டாஸ்க்கோடு ஒரு முழுநாள் ஈவென்ட்டும் போட்டு அவரை அழையுங்கள்.

ஏற்கெனவே மாதாமாதம் ஈவென்ட்டாக ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற, முதலில் டாஸ்க்கைப் போட்டுவிட்டு அடுத்த மாத ஈவென்ட்டை நீக்குங்கள். அப்போது கேட்கும் கேள்விக்கு "இதுவும் இனி வருபவையும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "எல்லாம்" என்று கொடுத்தால் பழைய மாதங்களின் குறிப்புகளும் சேர்ந்து போய்விடும்.